வர்றது கஸ்டமரா, கண்காணிக்க வந்த ஆளா? கடை ஊழியர் வேலைக்கு வேட்டு வைக்கும் ரகசிய ரிப்போர்ட்!

ஆவடி:

ராஜா மாறுவேஷம் போட்டு ராத்திரியில் நகர்வலம் போன கதையை பாட்டி சொல்லி கேட்டிருப்போம். இப்போது அந்த வேஷத்தை கம்பெனிகள் போடுகின்றன.

கஸ்டமர் மாதிரி ஒருவர் கடைக்குள் வருகிறார். நாலு பொருளை எடுத்துப் பார்க்கிறார். விலை கேட்கிறார். பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஒரு வாரம் கழித்து கேஷியர் பெண்ணை மேனேஜர் கூப்பிடுகிறார். "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்தவர்கிட்ட ஏம்மா வணக்கம் சொல்லல?"

அந்தப் பெண்ணுக்கு தூக்கிவாரிப் போடுகிறது. வந்தவர் யார், எப்போது வந்தார் என்பதே ஞாபகம் இல்லை!

இதற்குப் பெயர் 'மிஸ்டரி ஷாப்பிங்'. ஜவுளிக்கடை, செல்போன் ஷோரூம், பெட்ரோல் பங்க், ஓட்டல், பேங்க் என்று பல இடங்களில் இது நடக்கிறது. முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பட்டாபிராம் பக்கம் இருந்து ஆவடி, அம்பத்தூர் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பார்ட் டைம் வேலை தேடும் பசங்களும்தான்.

வேலை என்ன?

கடையின் தலைமை அலுவலகம் ஒரு ஏஜென்சியை அமர்த்துகிறது. ஏஜென்சி சாதாரண ஆட்களை அனுப்புகிறது. அவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியல். சிரித்தாரா? பில் கொடுத்தாரா? பெட்ரோல் போடும் முன் 'ஜீரோ பாருங்க' என்றாரா? பாத்ரூம் சுத்தமா? எல்லாவற்றுக்கும் மார்க். பில் போட்டோவோடு ரிப்போர்ட் அனுப்பினால் ஒரு சின்ன தொகை கிடைக்கும்.

அமெரிக்காவில் 1940-களில் இந்தப் பெயர் வந்தது. கல்லாவில் ஊழியர் கை வைக்கிறாரா என்று பார்ப்பதுதான் ஆரம்பத்தில் முக்கிய நோக்கம். பிறகுதான் சேவை எப்படி என்று பார்ப்பதும் சேர்ந்துகொண்டது.

இதனால் கஸ்டமருக்கு லாபம் இல்லாமல் இல்லை. எடை குறைப்பது, பில் தராமல் ஏமாற்றுவது, வயசானவர்களை எரிந்து விழுவது எல்லாம் போலீஸ் மாதிரி போய் நின்றால் தெரியாது. சாதாரண ஆள் மாதிரி போனால்தான் தெரியும்.

மனசாட்சி உறுத்தும் இடங்கள்

சிக்கல் எங்கே வருகிறது? வேஷம் போட்ட ஆளும் நம்மை மாதிரி உழைக்கிறவர்தான். அவர் போடும் ஒரு 'இல்லை' இன்னொரு உழைப்பாளியின் சோற்றில் மண்ணைப் போடலாம்.

சேல்ஸ்மேன் ஒருவர் முக்கால் மணி நேரம் 20 சேலையை பிரித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் வாங்க வந்தவரே இல்லை. அந்த நேரத்தில் நிஜமான கஸ்டமர் வேறு கவுண்டருக்குப் போனால் இவருடைய இன்சென்டிவ் போச்சு.

பட்டியலில் 'ஊழியர் எழுந்து நின்றாரா?' என்று ஒரு கேள்வி இருந்தால்? தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் கொடுத்த உரிமையை பயன்படுத்தியதற்கு மார்க்கை குறைப்பது எந்த ஊர் நியாயம்?

கவுண்டரில் நிற்கும் அக்கா உங்கள் தெருக்காரராக இருந்தால் என்ன செய்வது? மார்க்கை கூட்டிப் போட்டால் வேலைக்கு துரோகம், குறைத்துப் போட்டால் அக்காவுக்கு துரோகம். தெரிந்தவர் இருக்கும் கடை என்றால் 'வேற ஆளை அனுப்புங்க' என்று சொல்லிவிடுவதுதான் வழி.

எல்லாவற்றையும் விட மோசம், கடைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து டிக் அடிப்பது. அந்த டிக்கில் ஒருவரின் சம்பளம் தொங்குகிறது.

பொய் ரிப்போர்ட் செய்த கொடுமை

ரகசிய கேமரா, வேஷம் எல்லாம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் 2007-ல் நடந்த சம்பவமே சாட்சி. ஒரு பள்ளி ஆசிரியை விபசாரத்தில் மாணவிகளை தள்ளுகிறார் என்று டி.வி. சேனல் ஒன்று ரகசிய வீடியோ ஒளிபரப்பியது. கொதித்துப்போன கும்பல் அவரை அடித்து உடையைக் கிழித்தது. வேலையும் பறிபோனது. போலீஸ் விசாரித்தபோது அந்த வீடியோவே ஜோடிப்பு என்று அம்பலமானது. சேனலுக்கு ஒரு மாதம் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அடிபட்டவருக்கு போன மானம் திரும்பி வருமா?

ரசாயன நோட்டு சொல்லும் பாடம்

லஞ்ச ஒழிப்பு போலீசார் ரசாயன பவுடர் தடவிய நோட்டை கொடுத்து அதிகாரியை கையும் களவுமாக பிடிக்கும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அங்கேயும் வேஷம்தான். ஆனால் அதற்கு முன் ஒருவர் புகார் கொடுத்திருப்பார். சாட்சிகள் இருப்பார்கள். கை கழுவிய தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறினால் மட்டும் போதாது. லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபணம் ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் சொன்னது.

லஞ்சம் வாங்கியதாக சிக்கும் அதிகாரிக்கே இவ்வளவு பாதுகாப்பு. வணக்கம் சொல்லாத கேஷியருக்கு ஒற்றை டிக் போதுமா?

அதேபோல, 'பில் வேணாம், விலையை குறைச்சுக்கோ' என்று வேஷக்காரரே தூண்டில் போட்டுவிட்டு, 'பில் தரவில்லை' என்று எழுதுவது சோதனை அல்ல. சிக்க வைக்கும் வேலை.

சொல்லிவிட்டு வந்தாலும் உண்மை தெரியும்!

முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாரும் உஷாராகி விடுவார்களே என்று கேட்கலாம். அப்படி இல்லை. டெல்லியில் 2014-ல் ஒரு ஆய்வு நடந்தது. காசநோய் அறிகுறியோடு வருவது மாதிரி நடிக்க ஆட்களுக்கு பயிற்சி கொடுத்து தனியார் கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். டாக்டர்களிடம் முதலிலேயே சம்மதம் வாங்கியிருந்தார்கள். யார் வருவார், எப்போது வருவார் என்று மட்டும் சொல்லவில்லை. 250 முறை போனதில் 21 சதவீதம்தான் சரியான சிகிச்சை முறை! குறை வெளியே வந்தது. யாரையும் மாட்டிவிடவும் இல்லை.

சர்வதேச சந்தை ஆய்வு அமைப்பான எசோமாரின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இப்படி சோதனை நடக்கும் என்பதை ஊழியர்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

வேலையை விட்டு தூக்கினால்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன் 41-வது பிரிவை ஞாபகம் வையுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. 1 மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். தப்பு செய்தார் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதாக இருந்தால், விசாரணை நடத்தி சாட்சியத்தை பதிவு செய்திருக்க வேண்டும். அநியாயம் என்று பட்டால் தொழிலாளர் துறையில் அப்பீல் செய்யலாம். தள்ளிப்போடக் கூடாது.

அதனால், 'ரிப்போர்ட் வந்திருக்கு' என்று மேனேஜர் சொன்னால் பயந்து ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து போட்டுவிடாதீர்கள். என்ன தேதி, என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள்.

டுபாக்கூர் ஆசாமிகள், உஷார்!

இந்த வேலையின் பெயரை சொல்லி பணம் சுருட்டும் கும்பலும் இருக்கிறது. 'வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம், பதிவுக் கட்டணம் கட்டுங்க' என்பார்கள். அல்லது 'முதல்ல உங்க காசுல பொருள் வாங்குங்க, டபுளா தர்றோம்' என்று ஆசை காட்டுவார்கள். ஒழுங்கான ஏஜென்சி வேலை கொடுக்க காசு கேட்காது. ஓ.டி.பி.யும் கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

மாறுவேஷம் போட்டுப் போவதில் தப்பில்லை. ஆனால் கதையில் வந்த ராஜா, பார்த்ததை வைத்து மறுநாள் சபையில் விசாரித்துத்தான் தீர்ப்பு சொன்னார். கடை ஊழியருக்கும் அந்த விசாரணை வேண்டும்.