இரைச்சலா, இசையா?

ஆரியசாலைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றே. ஓரில்லத்தில் தாளிக்கும் மணம் அடுத்த இல்லத்தில் தெரியும். ஓரில்லத்தில் எழும் ஒலி நான்கு இல்லங்களில் கேட்கும். அத்தகைய இடத்தில், சென்ற ஞாயிறு மாலை எம் மாடியில் எழுந்த ஓர் ஓசை, கீழே கண்ணயர்ந்திருந்த ஆச்சியை எழுப்பிவிட்டது.

"என்ன சத்தம்லே அது?" என்றார்கள் ஆச்சி.

"ஃபஸ் பெடல், ஆச்சி" என்றான் எம் தமையனார் மகன்.

"எந்த ஊருக்குப் போற பஸ்ஸு?" என்று ஆச்சி கேட்கவே, வீடு முழுதும் நகைப்பொலி எழுந்தது.

நகைத்துவிட்டு மறந்துவிடத் தக்க செய்தியன்று இது. நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இவ்விளைஞன் பேஸ் கிதார் வாசிக்க இருக்கிறான். இப்பெட்டியையும் பயன்படுத்த அவன் இசைவு வேண்டியபோது, "இரைச்சலுக்கு மேடை எதற்கு?" எனப் பெரியோர் சிலர் மறுத்தனர். நேரில் கேட்டுக் கருத்துரைக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் எமக்கு இசைப்புலமை ஏது? ஆயினும், முன்னர் ஒருமுறை 'கூடாது' என்று சொல்லப்பட்டதற்கே அவன் ஓராண்டு சங்கத்தின் படியேறவில்லை. மீண்டும் மறுத்தால் அவனை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் எம் உள்ளத்தில் இருந்தது. ஆதலின் இரண்டு மணி நேரம் அமர்ந்து கேட்டோம்.

இப்பெட்டி உள்ளங்கையில் அடங்கும் அளவினது. 9 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைத்துக் காலால் அழுத்த வேண்டும். அழுத்தியதும் தெளிந்த ஒலி கரகரப்பாக மாறுகிறது.

இதன் பிறப்பே ஒரு பழுதினால் நேர்ந்தது என்பது வியப்பு. அமெரிக்க நாட்டின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் பாட்டொன்றைப் பதிவு செய்தபோது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்றது. அதன் வழியே சென்ற, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்திப் பேஸ் கிதாரின் ஒலி கரகரத்தது. அதை நீக்காமலே அப்பாட்டு 1961-இல் வெளிவந்தது. மக்கள் விரும்பிக் கேட்டனர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அவ்வொலியை டிரான்சிஸ்டர் கொண்டு ஆக்கிக் காட்டினார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதனைப் பெட்டியாக்கி, மேஸ்ட்ரோ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

உள்ளே நிகழ்வது யாது? சரக்கு வண்டியில் அளவுக்கு மேல் சுமையை அடுக்கினால், உயரம் பார்க்கும் வளைவில் தட்டி மேற்பகுதி சரியும் அன்றோ? அவ்வாறே, டிரான்சிஸ்டர் ஒலியலையை அளவுக்கு மேல் பெருக்க, அலையின் முகடுகள் சீவப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது மூல ஒலியில் இல்லாத மேல்நாதங்கள் பல தோன்றுகின்றன. அவையே அக்கரகரப்பு.

முதலில் அவன் வாசித்தபோது பெரியோர் சொல்லே சரியென்று தோன்றிற்று. பேஸ் கிதாரின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. நெஞ்சில் உணரத்தக்க அந்த அடிநாதம் மறைந்து, வண்டின் ரீங்காரம் மட்டுமே எஞ்சியது. "பாட்டுக்கு அடித்தளம் எங்கே போயிற்று, தம்பி?" என்று வினவினோம். அவன் சினவாமல், "இதைக் கேளுங்க, சித்தப்பா" என்று மற்றொரு திருகைத் திருப்பினான். மாறாத மூல ஒலியும் கரகரப்பும் ஒன்றாய்க் கலந்து வந்தன. அடிநாதம் மீண்டது, அதன்மேல் ஒரு மெருகும் ஏறியிருந்தது. 1965-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் இவ்வாறே வழக்கமான பேஸ் ஒலியையும் ஃபஸ் ஒலியையும் சேர்த்துப் பதித்தனர் என்று அவன் விளக்கினான்.

அப்போது எமக்குத் தம்பூரா நினைவுக்கு வந்தது. நவராத்திரியில் வேளிமலைக் குமாரசாமி நம் ஆரியசாலைக் கோயிலில் எழுந்தருளும் நாள்களில், கோட்டையகத்து மண்டபத்தில் சுவாதித் திருநாள் கீர்த்தனங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஒலிக்கும் தம்பூராவின் குதிரையில், தந்தியின் அடியில் நூலிழை செருகி ஜீவாளி சேர்ப்பர். அந்நூல் இன்றேல் நாதம் வறண்டுவிடும். மேல்நாதங்களை எழுப்பும் அந்த ரீங்காரத்தை நம் முன்னோர் இரைச்சல் என்று ஒதுக்கவில்லை. முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

இதனை வாங்க விழையும் இல்லத்தார்க்குச் சில சொற்கள். மூல ஒலியைக் கலக்கும் திருகு உள்ளதையே பேஸ் கிதாருக்குத் தேர்ந்தெடுக்க. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்டவை வெப்பம் ஏற ஏற ஒலி மாறுவன; நம் ஊர்க் கோடைக்குச் சிலிக்கான் வகையே ஏற்றது. பல தந்திகளை ஒருங்கே மீட்டினால் ஒலி குழம்பும். ஒவ்வொரு சுரமாக வாசிப்பதே நன்று. அழுத்துமுன் ஒலியளவைக் குறைத்துக்கொண்டால் அண்டை வீட்டார் நட்பு நிலைக்கும்.

எம் கருத்தைச் செயற்குழு ஏற்று, ஒரு பாட்டுக்கு இசைவளித்துள்ளது. புதியது வேண்டா என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அடிநாதத்தை விடாதே என்று சொன்னாற் போதும். அன்பர்கள் விழாவுக்கு வந்து, கேட்டபின் தீர்ப்புரைப்பார்களாக. ஆச்சிக்கு முன்வரிசையில் இடம் வைத்துள்ளோம். "பஸ்ஸு கிளம்பும்போது எழுப்பிவிடு" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.