பெயர் அழிக்கப்பட்ட கேசட்டுகள்

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் டிவி கேம் ஆடியவர்களிடம் 'டாங்க் கேம்' என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். செங்கல் சுவர்கள், கீழே நடுவில் காப்பாற்ற வேண்டிய கழுகு, மேலிருந்து வந்துகொண்டே இருக்கும் இருபது எதிரி டாங்கிகள். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது கூட ஆடுபவனைத் தவறிச் சுட்டுவிட்டால் அவன் டாங்கி அப்படியே உறைந்து நிற்கும், அதற்கு ஒரு சண்டை நடக்கும். கேசட்டின் பட்டியலில் அதன் பெயர் 'டாங்க் 1990'. அது அந்த விளையாட்டின் சொந்தப் பெயரும் அல்ல, பிறந்த ஆண்டும் அல்ல. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985ல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' அது. யாரோ தலைப்புத் திரையை மாற்றி, நாம்கோவின் பெயரைத் துடைத்து, தண்ணீரைக் கடக்கும் படகு மாதிரியான புதுச் சக்திகளையும் சேர்த்து நம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பழைய வீடியோ கேம் சேகரிக்கும் அமெரிக்கருக்கோ ஜப்பானியருக்கோ தான் தேடும் பொருளின் பெயர் தெரியும். அட்டையில் அச்சிட்டிருக்கும், விலைப்பட்டியலில் வரிசையாக இருக்கும். இங்கே சேகரிக்கத் தொடங்குபவருக்கு அப்படி இல்லை. சிறுவயதில் ஆடியது என்ன என்பதையே முதலில் துப்புத் துலக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சந்தோஷமும் தீராத எரிச்சலும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் வேர் ஃபேமிகாம். 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த வெள்ளையும் சிவப்புமான சிறு பெட்டி. வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உயெமுரா. முதலில் வந்த பெட்டிகளில் பொத்தான்கள் சதுரமான ரப்பர். அழுத்தினால் சில நேரம் சிக்கிக்கொண்டன என்பதால் பிறகு வட்டப் பொத்தான்களாக மாற்றினார்கள். குறை என்று கைவிடப்பட்ட அந்தச் சதுரப் பொத்தான் பெட்டியைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் உண்டு, அதில் கத்தினால் பதில் தரும் விளையாட்டுகளும் உண்டு. அமெரிக்காவுக்குச் சென்ற அதன் உடன்பிறப்பையும் சேர்த்து உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது.

நம் வீடுகளுக்கு வந்தது அது அல்ல, அதன் நகல். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் ஃபேமிகாமின் மூளைக்கு ஈடான சில்லுகளைத் தயாரித்தது. அவற்றை வைத்து எத்தனையோ தொழிற்சாலைகள் பெட்டிகளைச் செய்து தள்ளின. ரஷ்யாவில் அது 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்', வேறு பல நாடுகளில் 'மைக்ரோ ஜீனியஸ்'. நமக்கு 'மீடியா', 'டெர்மினேட்டர்' என்று பல பெயர்களில் வந்தது. டெர்மினேட்டர் வெளியே பார்த்தால் சேகாவின் 16 பிட் மெகா டிரைவ், உள்ளே எல்லாம் 8 பிட் ஃபேமிகாம் சரக்கு. உண்மையான மெகா டிரைவ் 1995ல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது விலை 18,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அந்த விலைக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவார்களா? சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கிடைத்த நகல்தான் நம் தலைமுறைக்கு வாய்த்தது. அதுவும் முடியாதவர்கள் மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடினார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 'பேட்டில் சிட்டி'யை உருவாக்கியவர்களுக்கு நாம் கொடுத்த காசிலிருந்து ஒரு பைசாவும் போகவில்லை. அது அநியாயம். ஆனால் அந்தத் திருட்டுச் சரக்குதான் இங்குள்ள வீடியோ கேம் வரலாறு, அதற்குப் பதிலாக எடுத்துக் காட்ட வேறு வரலாறு நம்மிடம் இல்லை.

துப்புத் துலக்கும் சுகத்துக்கு வருகிறேன். '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு கேசட்டைச் சுத்தம் செய்து, பட்டியலை வரிசையாகத் திறந்து பாருங்கள். பத்து இருபது விளையாட்டுகளைத் தாண்டாது. மீதியெல்லாம் அதே மரியோவை நாலாவது உலகத்திலிருந்தும், அதே காண்ட்ராவை வேறு துப்பாக்கியுடனும் தொடங்கிவைக்கும் ஏமாற்று. இருந்தாலும் அந்தப் பத்து இருபதுக்குள் ஜப்பானின் ஒரு காலகட்டமே உட்கார்ந்திருக்கிறது. 'ஐலேண்டர்' என்று ஆடியது சப்போரோவைச் சேர்ந்த ஹட்சனின் 1986ஆம் ஆண்டு 'அட்வெஞ்சர் ஐலேண்ட்'. இதயத்தில் சேர வேண்டிய இரண்டு பென்குயின்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிராக நகருமே, அது அதே ஹட்சனின் 'பைனரி லேண்ட்', 1985. எரிபொருள் தீர்வதற்குள் ஓட்டி முடிக்க வேண்டிய கார் விளையாட்டு கொனாமியின் 'ரோட் ஃபைட்டர்'. இதில் 'பைனரி லேண்ட்' அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. 'பேட்டில் சிட்டி'யின் கேசட்டும் போகவில்லை. அங்குள்ள பிள்ளைகள் கேள்விப்படாததை மயிலாப்பூரிலும் மேலப்பாளையத்திலும் நாம் மனப்பாடமாக ஆடிக்கொண்டிருந்தோம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல.

காண்ட்ராவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1988ல் வந்த ஃபேமிகாம் கேசட்டில் கொனாமி சொந்தமாக ஒரு கூடுதல் சில்லு வைத்திருந்தது. அதனால் காட்டில் இலைகள் அசையும், பனிக் கட்டத்தில் பனி பெய்யும், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் தீவின் வரைபடம் வரும். அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சில்லு இல்லை, இந்த அழகுகளும் இல்லை. உங்களிடம் உள்ள பழைய கேசட்டில் காண்ட்ரா இருந்தால் முதல் கட்டத்தில் கொஞ்சம் நின்று இலைகளைப் பாருங்கள். எந்த ஊர்ப் பதிப்பிலிருந்து நகலெடுத்தார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

அசல் ஃபேமிகாமில் மரியோவை முதன்முதலாக ஆடும் தமிழருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது: பாட்டு விரட்டிக்கொண்டு ஓடும், மரியோவும் கூடவே ஓடுவார். ஜப்பானில் டிவி படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். நம்முடைய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 முறைதான். விளையாட்டின் நடையும் இசையின் தாளமும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டே போகின்றன. சுருதி ஏறக்குறைய மாறாமல் இருக்க, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நமக்குப் பழகிய மரியோ விளம்ப காலத்தில் நடந்தவர். அதனால் அசல் கருவியும் அசல் கேசட்டும் கையில் இருந்தும்கூட சிறுவயது திரும்பி வருவதில்லை. அதற்கு அந்த மலிவுப் பெட்டிதான் வேண்டும். காசு இருக்கிறது, அசலையே வாங்கிவிட்டேன், வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அசலை வாங்கினாலும் அது உடனே ஓடாது. டோக்கியோவின் அகிஹாபாராவிலிருந்து கொண்டுவந்த ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு ஆனது, நம் வீட்டு பிளக்கில் செருகினால் கதை முடிந்தது. நம் ஊர் நகல்களின் அடாப்டரைப் பொருத்தலாம் என்றால், முனையில் நெகடிவ், பாசிடிவ் எந்தப் பக்கம் என்று மீட்டரில் பார்க்காமல் பொருத்தக் கூடாது. மின்சாரம் சரியானாலும் படம் வராது. ஃபேமிகாம் தன் படத்தை ஜப்பானிய சேனல் 1 அல்லது 2ல் அனுப்புகிறது. அந்த அலைவரிசை நம் ஊரில் எஃப்.எம். வானொலி இருக்கும் இடம், நம் டிவிகள் அங்கே தேடுவதே இல்லை. பெட்டியைத் திறந்து வீடியோவைத் தனியாக வெளியே இழுத்து, ஏ.வி. வயர் பற்றவைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைகள் பெருகிய இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கை கிடைப்பது அரிதாகிவிட்டது.

இதற்கேற்ற பழைய டிவியும் கிடைப்பதில்லை. வாத்து சுடும் துப்பாக்கி இன்றைய எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் குறி தப்பவில்லை என்று கணக்கு. பிக்சர் டியூப் அந்தக் கட்டத்தைத் தாமதமில்லாமல் வரைந்துவிடும். புதிய டிவி படத்தை வாங்கி, ஒழுங்குபடுத்திக் காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். ஆகவே டப்பா டிவி வேண்டும். என் அனுபவத்தில் இதற்கு மிகவும் தோதானது 2006க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. அளவு சிறியது, ஒருவரே தூக்கலாம். காயலான் கடையில் கேட்டால் "அந்த டிவியா தம்பி, போன வாரம்தான் உடைச்சோம்" என்பார்கள். டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளுக்கு எடைக்கு எடை காசு, முழு டிவிக்கு ஒன்றுமில்லை. நாம் போய்ச் சேர்வதற்குள் கழுத்து ஒடிந்திருக்கும். ஓடும் நிலையில் உள்ள டிவிகள் இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேசட்டுகளின் வியாதி வேறு. கடற்கரை ஊர்களில் செம்புப் பல்லில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். சிறுவயதில் எல்லோரும் கேசட்டை வாயால் ஊதித்தான் போட்டோம். எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டும் என்பதால் ஊதக் கூடாது என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலானவை எழுந்துவிடும். எழாதவை எழாதவைதான், ஏனென்றால் மலிவுக் கேசட்டுகளில் சில்லு தனியாக இருக்காது. பலகையின் மேலேயே ஒட்டி, கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அந்தக் கறுப்புப் பொட்டுக்குள் ஒரு நூலிழைக் கம்பி அறுந்தாலும் திறந்து பார்க்க வழியில்லை. பெட்டிகளுக்கும் இதே கதை. தொடக்க காலப் பெட்டியைத் திறந்தால் கால்கள் நீட்டிய பெரிய சில்லுகள் தனித்தனியாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஒற்றைக் கறுப்புப் பொட்டு மட்டும்தான். இணையத்தில் 'தொண்ணூறுகளின் அரிய பொருள்' என்று பெரிய விலை சொல்லி விற்கும் பெட்டிகளில் பல போன வருடம் செய்தவை. உள்ளே இருக்கும் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.

உலகச் சந்தை இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. 2021 ஜூலையில் பிரிக்கப்படாத ஒரு 'சூப்பர் மரியோ 64' கேசட் அமெரிக்காவில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு அது, அரிய பொருளே அல்ல. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, மதிப்பெண் ஒட்டி, கடைசிவரை யாரும் ஆட முடியாதபடி வைப்பதற்குத்தான் அந்த விலை. அது சேகரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஏலங்களுக்குப் பிறகு, ஆடுவதற்காக வாங்குபவர்களுக்கும் சாதாரணக் கேசட்டுகள் எட்டாத உயரத்துக்குப் போனதுதான் மிச்சம்.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் சொன்ன கணக்கு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதத்தை இன்று கடையில் முறையாக வாங்க வழியே இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, 2024ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. முறையாக வெளியான விளையாட்டுகளுக்கே இந்தக் கதி. பெயர் அழிக்கப்பட்டு வந்த நம் கேசட்டுகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஃபேமிகாமைப் படைத்த உயெமுரா ஓய்வுக்குப் பிறகு கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 2021 டிசம்பரில் காலமாகும்வரை விளையாட்டுகளைப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். ரஷ்யர்கள் டெண்டியின் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்தி விற்றவர்கள் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று ஒழுங்காக எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கடைக்காரர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும்.

கேசட்டில் இருப்பதைக் கணினிக்குப் படியெடுக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் பட்டியல் கேசட்டுக்குத் தன் போக்கில் ஒரு சுற்று அமைத்திருப்பதால், அதன் சூட்சுமம் பிடிபடாமல் உள்ளே இருப்பதை முழுதாகப் படிக்க முடியாது. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். இங்கிருந்து போகும் கேசட்டுகள் அதில் சேர வேண்டும்.

எனவே பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய டிவி கேம் கையில் கிடைத்தால் உடனே பழைய அடாப்டரைப் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். கேசட்டின் முகப்பு, பின்புறம், ஒட்டியிருக்கும் காகிதம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். விற்றவரின் முகவரி அதில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். கடை ரசீதோ வாரன்ட்டி சீட்டோ உள்ளே கிடந்தால் அதில் தேதியும் இருக்கும், அதை வாங்கி வந்த அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் எந்தக் கடை, என்ன விலை என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.