பழைய ஜீப்பின் வலிமை

மோட்டார் வண்டியின் வலிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குறித்துவிடுகின்றனர். ஒன்று முறுக்கு விசை, மற்றொன்று திறன். இவை வெவ்வேறென உணராமையால், பழைய மலைவண்டியை வைத்துப் பிழைப்போர் பலர், தமக்கு வேண்டுவது ஒன்றாயிருக்க, வேறொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி அல்லற்படுகின்றனர். தமிழ் ஆனர்ஸ் மாணவன் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நண்பர்கள் நகைத்தல் கூடும். சொற்பொருளை வேறுபடுத்தி அறிதல் எம் வகுப்பின் தொழிலேயாகலின், இப்பொருள் எமக்கு முற்றும் புறம்பானதன்று.

கவலையேற்றத்தை எண்ணிப் பாருங்கள். எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றினின்றும் சால் மேலெழுகின்றது. எத்துணைப் பெரிய சாலை அவ்வெருதுகள் அசைக்கவல்லன என்பது அவற்றின் விசையைப் பொறுத்தது. ஒரு நாழிகையில் எத்தனை சால் நீர் இறைக்கப்படும் என்பதோ திறனைப் பொறுத்தது. மெல்ல நடக்கும் வலிய எருதும், விரைந்து நடக்கும் மெலிந்த எருதும் மாலையில் ஒரே அளவு நீரை இறைத்திருத்தல் கூடும். ஆயினும் பெருஞ்சாலைக் கட்டினால், மெலிந்தது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எஞ்சினில் இவ்விசை சுழலும் தண்டின் முறுக்காகத் தோன்றுகின்றது. அதனை அடி-இராத்தலில் அளந்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதனாற் பெருக்கி, 5,252 ஆல் வகுத்தாற் குதிரைத்திறன் கிடைக்கும். ஆகவே திறன் என்பது முறுக்கும் வேகமும் சேர்ந்ததே.

ஜீப்பு வண்டி பிறந்த கதையே இதற்குத் தக்க சான்றாகும். 1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க இராணுவத்தார் இலகுவான நாற்சக்கர இயக்க வண்டியொன்று வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு எழுதினர். எஞ்சினுக்கு அவர்கள் விதித்த அளவு 85 அடி-இராத்தல் முறுக்கு விசை. முதலில் வண்டி செய்து காட்டிய பேன்டம் நிறுவனத்தாரின் எஞ்சின் அவ்வளவையே எட்டாது சற்றுக் குறைந்தது. ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரில் இருந்த வில்லிஸ் நிறுவனத்தாரின் எஞ்சினோ 105 அடி-இராத்தல் தந்தது. வில்லிஸ் வண்டி எடையில் மிகுந்திருந்தும் வென்றமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம் எனலாம்.

இவ்வெஞ்சின் 134 கன அங்குலக் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 105 அடி-இராத்தலும், 4,000 சுற்றில் 60 குதிரைத்திறனும் அதன் அளவுகள். மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். 2,000 சுற்றில் அது தரும் திறன் 40 குதிரையே. 4,000 சுற்றில் திறன் 60 ஆக உயர, முறுக்கு விசையோ 79 அடி-இராத்தலாகத் தாழ்ந்துவிடுகின்றது. வேகம் மிகமிக முறுக்குக் குறைவது ஏன்? மூச்சுத் திணறுவதனால் என்க. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளித்தள்ளவேண்டும். சுற்று விரைந்தாற் காற்று உட்புகுதற்குரிய நேரம் சுருங்குகின்றது. சிலிண்டர் நிரம்புமுன் வால்வு மூடிக்கொள்கின்றது. எஞ்சினிடமிருந்து மிகுதியாகப் பெற விரும்புவோன் செய்யக்கூடியவை சிலவே: மிகுதியான காற்றை உட்புகுத்துதல், புகுந்ததை மேலும் இறுக அழுத்துதல், உராய்விற் கழிவதைக் குறைத்தல், உடையாமல் விரைந்து சுழலச்செய்தல்.

இவற்றைப் பொறுமையுடன் செய்துகாட்டியவர் டெல்மர் ரூஸ் என்னும் எஞ்சினீயர். அவர் 1938இல் வில்லிஸ் நிறுவனத்திற் சேர்ந்தபோது அங்கிருந்தது 48 குதிரைத்திறன் உள்ள பழைய எஞ்சின். புதிதாக ஒன்று வரைதற்கு அங்கே பொருளில்லை. எனவே உள்ளதையே எடுத்துப் பிஸ்டன்களை இலேசான அலுமினியக் கலவையாற் செய்வித்து, தாங்கிகளை வலுவாக்கி, உறுப்புகளுக்கிடையிலுள்ள இடைவெளியை நுட்பமாக்கி, கார்புரேட்டரையும் அழுத்தத்தையும் திருத்தி அமைத்தார். 48 என்பது 60 ஆயிற்று. இதில் வியத்தகு தந்திரம் ஒன்றுமில்லை. பல சிறு திருத்தங்கள் ஒருங்கு சேர்ந்த பயன் இது.

அடுத்த படி வால்வில் நிகழ்ந்தது. பழைய எஞ்சினில் காற்று புகும் வால்வும் புகை போகும் வால்வும் சிலிண்டருக்குப் பக்கத்தே கீழிருந்தன. காற்று வளைந்து நுழையவேண்டியிருந்தது. 1950இல் வெளிவந்த ஹரிக்கேன் எஞ்சினில், அடிப்பகுதியை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, காற்று புகும் வால்வை மட்டும் பெரிதாக்கித் தலைமேல் வைத்தனர். 60 என்பது 72 ஆகவும் பின்னர் 75 ஆகவும் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்துவிட்டமையால் 1953இல் வந்த சி.ஜே. 3பி வண்டியின் முன்மூடியையும் உயர்த்தவேண்டியதாயிற்று. அவ்வண்டியின் நெடிய நெற்றிக்குக் காரணம் இதுவே. ஆனால் முறுக்கு விசையைக் கவனியுங்கள்: 105 என்பது 114 ஆயிற்று, நூற்றுக்கு 9 பங்கே கூடிற்று.

இனி இதனோடு வேறொரு கணக்கை ஒப்பிடுவோம். சக்கரத்திற் சேரும் முறுக்கு, எஞ்சினின் முறுக்கைக் கியர் விகிதங்களாற் பெருக்கியதாகும். போர்க்கால ஜீப்பில் முதற்கியர் 2.67, தாழ்நிலைத் துணைப்பெட்டி 1.97, அச்சு 4.88, இவை பெருக ஏறக்குறைய 25.6 மடங்கு. 1945இல் உழவர்க்கென வந்த சி.ஜே. 2ஏ வண்டியிலோ முதற்கியர் 2.80, துணைப்பெட்டி ஏறத்தாழ 2.4, அச்சு 5.38; பெருக்கினால் 36 மடங்கு. எஞ்சின் அதே குடும்பத்தது. திறன் அதே 60. ஆயினும் சக்கரத்தின் பிடிப்பு நூற்றுக்கு 40 பங்கு கூடிவிட்டது! இதற்காக இழந்தது வேகம் மட்டுமே. ஏர் இழுக்கும் வண்டிக்கும் மலையேறும் வண்டிக்கும் அது இழப்பாகுமா?

எஞ்சின் தலையை மாற்றிப் பெற்ற 9 பங்கினையும் பற்சக்கரங்களை மாற்றிப் பெற்ற 40 பங்கினையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, மலைவண்டிக்காரன் எதற்கு முதலிற் செலவிடத்தக்கவன் என்பதை யான் எடுத்துரைக்கவேண்டுவதில்லை.

இவ்வண்டி நம் நாட்டுக்கும் அயலானதன்று. மகிந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயிற் பூட்டத் தொடங்கி, பின்னர்ச் சி.ஜே. 3பி வடிவத்தையே பல்லாண்டுகள் செய்துவந்தனர். நம் மலைநாடுகளில் இன்றும் அவற்றுட் சில சுமை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மலையோ எஞ்சினுக்கு இயற்கைப் பகை. உதகை கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறையவே திறனும் அவ்வளவு குறைகின்றது. 60 குதிரை 48 ஆகிவிடும். ரூஸ் அரும்பாடுபட்டுச் சேர்த்த பன்னிரண்டையும் மலை ஒரு சொல்லுமின்றித் திருப்பி வாங்கிக்கொள்கின்றது. அதனோடு நில்லாமல், சமவெளிக் காற்றுக்கென அமைத்த கார்புரேட்டர் மெலிந்த காற்றிலும் பழைய அளவிலேயே பெட்ரோலைச் சொரிவதால் கரும்புகை கக்கி எஞ்சின் இன்னும் சோர்வடையும். சற்றுச் சிறிய ஜெட் ஒன்றை மாட்டுவது மிகச் சிறு செலவு. பயனோ உடனே தெரியும்.

நீலகிரிச் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடும் என் சிற்றப்பாவிடம் இத்தகைய பெட்ரோல் ஜீப்பு ஒன்றுண்டு. தோட்டத்தினின்றும் சாலைக்கு மூட்டைகளை ஏற்றுவது அதன் வேலை. அது ஏற மறுத்தால் அன்றைய விளைச்சல் சந்தைக்குப் போகாது. சில ஆண்டுகளுக்கு முன் மண்ணில் நன்கு பிடிக்குமென்று 31 அங்குல டயர்களை மாட்டினார். அதன்பின் வண்டி முதற்கியரிலும் திணறிற்று. பட்டறைக்காரர் ஒருவர் எஞ்சினையே எடுத்தெறிந்து பெரிய டீசல் எஞ்சின் வைக்கவேண்டும் என்றார். அதற்கு அவர் கேட்ட தொகை சிற்றப்பாவின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

அவ்வூரில் மற்றொரு முதிய மெக்கானிக் இருந்தார். அவர் முதலிற் செய்தது அழுத்தமானியை எடுத்துச் சிலிண்டர்களை அளந்ததே. ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம் 110ஐ ஒட்டி நின்றது. இரண்டிலும் நான்கிலும் 70ஐத் தாண்டவில்லை. தாழ்ந்த சிலிண்டர்களில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தார். எண்ணெய் விட்டபின் அழுத்தம் உயருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்றும், உயராதாயின் வால்வு ஒழுகுகின்றது என்றும் கொள்ளல் வேண்டும். உயரவில்லை. புகைவால்வுகள் இரண்டு விளிம்பு கருகியிருந்தன. வால்வின் இடைவெளியைப் பன்னாள் பாராதுவிட்டால், அது இருக்கையில் முற்றும் படியாமல், எரிவாயு ஊடே பாய்ந்து இவ்வாறு கருகும். வால்வுகளை மாற்றி இருக்கைகளைத் தேய்த்துச் சீர்செய்தபின், எஞ்சின் தன் பழைய திறனுக்குத் திரும்பிற்று. புதுத் திறன் தேடுமுன் இழந்த திறனை மீட்பதே இங்கு மலிவான வழியாயிற்று.

பின்பு டயர். போர்க்கால அளவான 6.00-16 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 28 அங்குலம். அதனை 31 ஆக்கினால், நெம்புகோலின் கை நீண்டதுபோலாகி, தரையைத் தள்ளும் விசை நூற்றுக்கு 10 பங்கு குறையும். ஹரிக்கேன் தலை தந்த 9 பங்கினை ஒரு டயர்க்கடையில் இழந்துவிடுகிறோம்! பெரிய டயர் வேண்டுமாயின் அச்சின் விகிதத்தையும் உயர்த்தவேண்டும், 4.88ஐ 5.38 ஆக்கினால் ஈடு ஏறக்குறையச் சரியாகும். சிற்றப்பாவின் வண்டியில் முன்னரே 5.38 இருந்தமையால், டயரைப் பழைய அளவுக்குத் திருப்புவதே வழியாயிற்று. முன்னர் முதற்கியரில் உறுமி ஏறிய சரிவை இப்போது இரண்டாம் கியரில் ஏறுகின்றது.

சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் பெருகியதைத் திறன் பெருகியதாக மயங்குவோரைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா.

எஞ்சினை மாற்றுதல் எக்காலும் தகாது என்பதன்று. டீசல் எஞ்சின் தாழ்ந்த சுற்றிலேயே மிகுந்த முறுக்குத் தருவது. மகிந்திரா நிறுவனத்தாரே பின்னாளிற் பல வண்டிகளில் பெஜோ வகை டீசல் எஞ்சினை வைத்தனர். ஆனால் அது எடை மிக்கது. முன்வில்லும், கியர்ப்பெட்டியும், அச்சுத்தண்டும் அதனைத் தாங்கவேண்டும். 60 குதிரைக்கெனச் செய்த பற்கள் அதற்கு மேற்பட்ட முறுக்கில் உடைவதுண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கின்றது. பதிவு அதிகாரியின் முன்னனுமதியின்றி எஞ்சினை மாற்றிய வண்டி, விபத்தொன்று நேர்ந்தால் உரிமையாளரைப் பெருந்தொல்லைக்கு உள்ளாக்கும்.

ஏறுவதைப் பற்றியே இதுகாறும் பேசினோம். ஏறியது இறங்கவும் வேண்டுமன்றோ? உதகையினின்றும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் தாழ்கின்றது. சுமையோடு ஒன்றரை டன் எடையுள்ள ஜீப்பு அவ்வளவு இறங்கும்போது விடுபடும் சக்தி, 7 யூனிட் மின்சாரத்துக்கும் சற்று மேற்பட்டது. காற்றும் உராய்வும் கொள்வது போக எஞ்சியதெல்லாம் வெப்பமாகப் பிரேக்கிலோ எஞ்சினிலோ சேரவேண்டும். போர்க்கால ஜீப்பின் பிரேக்கு உருளைகள் 9 அங்குலமே. அவை தாமே அனைத்தையும் ஏற்கப்புகின் காய்ந்து, மிதித்தாலும் பிடியா. பெட்ரோல் எஞ்சினில் மிதியை விட்டுவிட்டால் காற்றுவழி அடைபட்டு எஞ்சினே வண்டியைப் பின்னிழுக்கும். தாழ்ந்த கியர் அவ்விழுப்பைப் பலமடங்காக்கும். டீசலில் காற்றுவழியை அடைக்கும் அமைப்பு பொதுவாக இல்லாமையால் இப்பிடிப்புக் குறைவு. நீலகிரி மலைச்சாலைகளில், தாழ்ந்த கியரிலேயே இறங்குக என்று வலவர்க்கு அறிவிக்கும் பலகைகளை நட்டிருப்பது இதனாலேயே.