கை வெடிப்புக்கு மெடிக்கல் ஷாப் களிம்பு வேண்டாம்

எங்கள் தோல் சிகிச்சைப் பிரிவில் கையை நீட்டிக் காட்டும் பெண்களில் பலர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதலில் சொரசொரப்பு, அடுத்து தோல் உரிதல், பிறகு வெடிப்பு. மிளகாய்த்தூள் பட்டால் உயிர் போகிறது. சேலைக் கொசுவத்தை நீவினால் நூல் விரலில் மாட்டி இழுக்கிறது. "சூடுன்னு நினைச்சேன் டாக்டர்" என்பார்கள். அப்படி நினைத்தே மாதக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள்.

இது சூடு இல்லை

மோரும் வெந்தயமும் குடித்து இந்த வெடிப்பு ஆறாது. சோப்பும் தண்ணீரும் சேர்ந்து தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுவதுதான் முதல் காரணம். நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள், மெஸ்ஸில் வேலை செய்பவர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் இதில் அடக்கம். கொத்தனார்களுக்கு சிமெண்டில் உள்ள குரோமேட் ஒவ்வாமை தருகிறது. இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தால், "நிறைய பூண்டு உரிப்பீங்களாம்மா?" என்று கேட்பேன். பூண்டைப் பிடிப்பது அந்த மூன்று விரல்கள்தானே.

கருவாட்டையும் கத்திரிக்காயையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலோருக்கு அந்தப் பத்தியத்தால் எந்தப் பலனும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் உண்டு. சோப்பினாலும் ஒவ்வாமையாலும் வரும் வெடிப்பு யாருக்கும் ஒட்டாது.

வெடிப்பில் எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவியவர்களின் கைகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. புண்ணான தோலை இவை மேலும் அரிக்கும். எரிந்தால் கிருமி சாகிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! கறுப்பு மருதாணியில் கலக்கும் சாய ரசாயனம் கொப்புளமே வரவைக்கும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. லேசான வறட்சிக்கு உதவும். ஆழமான வெடிப்புக்கு அது மட்டும் போதாது.

அந்த டியூபை வைத்துவிடுங்கள்

கடையில் கேட்டதும் தருகிற களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். மறுபடி தடவினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாக வெடிக்கும். வந்திருப்பது படையாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் அடையாளத்தை மறைத்து, உள்ளுக்குள் பரவவிடும். 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது. நாங்கள் எழுதித் தருவதும் ஸ்டீராய்டாக இருக்கலாம். ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று கணக்கு வைத்துத்தான் தருகிறோம்.

பரிசோதனை

ஒரு கையில் மட்டும் உரிந்தால் தோலைச் சுரண்டிப் பூஞ்சை பார்ப்போம். ஒவ்வாமைச் சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கை கழுவியதும் விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். விலை உயர்ந்த கிரீம் தேவையில்லை. இரவில் தாராளமாகத் தடவி, பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறைக்குள்ளும் ஒரு பருத்திக் கையுறை வேண்டும். உள்ளே நனைந்தால் உடனே மாற்றுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெடிப்பு மூடிய பிறகும் தோல் பழைய பலத்துக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை பாத்திரத்தையும் துணியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விரலில் சீழோ வீக்கமோ கண்டால், அன்றே அழைத்து வாருங்கள். வரும்போது இதுவரை தடவிய எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.