சிறுவர் சிகிச்சையில் ஊடாடு தொழில்நுட்பம்

ஊசி போடுதல், இரத்தம் எடுத்தல், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் போன்ற வேளைகளில் குழந்தைகளுக்கு ஏற்படும் வலியையும் அச்சத்தையும் குறைக்க, அவர்கள் தாமே இயக்கி விளையாடும் கருவிகள் சில மருத்துவமனைகளில் பயன்படுத்தப்படுகின்றன. மெய்நிகர் உண்மை விளையாட்டுகள், கைக்கணினிகள், பேசும் எந்திரன்கள் ஆகியன இவற்றில் அடங்கும். இவை வலிமருந்துக்கு மாற்று அல்ல; அதனுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுபவை.

தேவை

தீக்காயமுற்ற குழந்தை அசையாமல் படுத்திருக்கும்போது மார்ஃபின் வகை மருந்துகள் வலியைப் பெருமளவு அடக்கிவிடும். ஆனால் பழைய கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, இறந்த தோலை அகற்றும்போது அதே மருந்து பலருக்குப் போதுவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது; மூச்சு மந்தமாகும், குமட்டல் வரும். இது ஒரு நாளோடு முடியும் துன்பமும் அன்று. நேற்றைய வலி நினைவில் இருப்பதால், இன்று செவிலியர் கட்டுத் தட்டுடன் வரும்போதே குழந்தை அழத் தொடங்குகிறது. அச்சம் கூடும்போது வலியும் கூடுகிறது.

செயல்படும் விதம்

வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். மனிதனின் கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதில் பெரும்பகுதியை வேறொன்று எடுத்துக்கொண்டால் வலிக்குக் கிடைப்பது குறையும். விளையாட்டில் மூழ்கிய பிள்ளையின் காதில் சாப்பிடக் கூப்பிடும் குரல் விழுவதில்லை அல்லவா? அடிப்படை அதுவே.

இங்கு 'ஊடாடு' என்ற சொல் முக்கியமானது. அமெரிக்க உளவியலாளர் லின்டா டால்குவிஸ்ட்டும் அவர் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்கள் மிகக் குளிர்ந்த நீரில் கையை வைத்துத் தாக்குப்பிடித்த நேரம் அளக்கப்பட்டது. விளையாட்டின் பதிவை வெறுமனே பார்த்தபோதும் பயன் இருந்தது. தாமே விளையாடியபோது பயன் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

பனி உலகம்

இத்துறையில் பெரிதும் அறியப்பட்டது 'சுனோ வேர்ல்ட்' எனும் மெய்நிகர் விளையாட்டு. சியாட்டிலிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் இம்முயற்சியை முன்னெடுத்தனர். முதலில் அவர்கள் கையிலிருந்தது சிலந்தியைக் கண்டு அஞ்சுவோருக்காக உருவாக்கப்பட்ட வேறொரு மெய்நிகர் உலகமே. அதைத் தீக்காயமுற்ற, 16, 17 வயதுடைய இருவரிடம் பயன்படுத்தி, சாதாரண நின்டென்டோ விளையாட்டுடன் ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மெய்நிகர் உலகில் இருந்தபோது வலியும் அதைப் பற்றி நினைத்த நேரமும் குறைந்திருந்தன. இருவரை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாதுதான். ஆனால் பின்வந்த ஆய்வுகளுக்கு அது வழி திறந்தது.

பின்னர் தீக்காயத்துக்கென்றே பனி உலகம் அமைக்கப்பட்டது. நெருப்பை நினைவூட்டும் எதுவும் அதில் இல்லை. குழந்தை பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து சென்று பென்குயின்கள், பனிமனிதர்கள் மீது பனிப்பந்துகளை எறியும். 2004இல் நலமானவர்களிடம் வெப்பத்தால் சிறிது வலி உண்டாக்கி மூளையைப் படமெடுத்தபோது, விளையாட்டின்போது வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்தது. ஆகவே இது வலியை வெளிக்காட்டாமல் பொறுத்துக்கொள்வது மட்டுமன்று.

எந்திரன் துணை

கனடாவின் கால்கரியில் டான்யா பெரன் குழுவினர் 'நாவோ' என்னும் சிறு மனித உரு எந்திரனைக் காய்ச்சல் தடுப்பூசி அறைக்குள் கொண்டுவந்தனர். ஊசி போட்டவர் செவிலியரே. எந்திரன் குழந்தையுடன் பேசி, ஒரு பொம்மையின் தூசியை ஊதச் சொன்னது. ஊதுவதற்கு மூச்சை இழுத்து விடவேண்டும். உடல் தானாகவே தளர்கிறது. பள்ளி ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்யும் தந்திரம்தான்! 4 முதல் 9 வயது வரையிலான 57 குழந்தைகள் பங்கேற்ற இவ்வாய்வு 2013இல் வெளிவந்தது. எந்திரன் துணையுடன் இருந்தவர்களுக்கு வலியும் கலக்கமும் குறைவாக இருந்தன.

வரம்புகள்

தலையிலோ முகத்திலோ தீக்காயம் இருந்தால் கருவியை மாட்ட முடியாது. இதற்காகவே சியாட்டில் குழுவினர் காட்சிக்கருவியை ஒரு தாங்கியில் பொருத்தி, தலையில் படாமல் கண்ணெதிரே நிறுத்தினர். சிலருக்குக் குமட்டல் வரலாம். ஒருவர் மாட்டியதை நன்கு துடைத்துத் தூய்மை செய்யாமல் அடுத்தவருக்குத் தரக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு இம்முறை பொருந்தாது. அவர்களுக்குத் தாயின் மடியும் தாய்ப்பாலும் ஏற்றவை.

விளையாட்டைக் காட்டி ஏமாற்றி ஊசி குத்துவது இம்முறை ஆகாது. என்ன நடக்கப்போகிறது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். இல்லையேல் அடுத்த முறை அந்தக் கருவியைக் கண்டே குழந்தை மிரளும். தன் கையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் அமைதியாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களின் கண்ணை மறைத்தால் அச்சம் கூடும் என்பதால், கருவி வேண்டுமா என்று கேட்டபின்பே தரவேண்டும்.