சொல்லாமல் கொள்ளாமல் போகும் புரோகிராம்

சி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோவது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்றில், செய்யக்கூடாததைச் செய்ததற்காகக் கெர்னல் அதைக் கொன்றுவிடுகிறது. மற்றதில், புரோகிராமே எழுந்து போய்விடுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிஞ்சிப்போனால் ஒரு வரிச் செய்தி வரும், ஷெல்லின் கர்சர் திரும்ப வந்து மினுங்கும், அவ்வளவே. டீபக்கருக்கு அப்படியில்லை. கொல்லப்படும் புரோகிராமை அது தானாகவே பிடித்து நிறுத்திக் காட்டும். தானாகப் போகிறதைப் பிடிக்க வாசலில் ஆள் போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஜிடிபி என்ற டீபக்கரில் 'ரன்' கொடுத்துவிட்டு, எதுவும் காட்டவில்லையே என்று மூடிவிடுகிறார்கள்.

எந்த விதம் என்பதை டீபக்கரைத் திறக்காமலே அறியலாம். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச்செல்கிறது. டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்ந்த மாறியை 'எக்கோ' செய்தால் அது தெரியும். சிக்னலால் செத்திருந்தால் பாஷ் ஷெல் அந்தச் சிக்னலின் எண்ணோடு 128-ஐக் கூட்டிக் காட்டும். செக்மென்டேஷன் ஃபால்ட்டின் எண் 11, ஆகவே 139. அபார்ட் சிக்னல் 6, ஆகவே 134. கில் சிக்னல் 9, ஆகவே 137. 0, 1, 2 போன்ற சிறிய எண் வந்தால் பெரும்பாலும் புரோகிராம் தானாகவே போயிருக்கிறது. எட்டு பிட் மட்டுமே வெளியே வருவதால் மைனஸ் 1 கொடுத்து வெளியேறினால் 255 தெரியும். 256 கொடுத்தால் 0 என்று வந்து எல்லாம் சரியாக முடிந்ததுபோல ஏமாற்றும்.

ஜிடிபிக்குள் இதே எண்ணைப் படிப்பதில் ஒரு குழி இருக்கிறது. புரோகிராம் 10 என்ற எண்ணோடு வெளியேறினால் ஜிடிபி 012 என்று எழுதும். 255 என்றால் 0377. அது எட்டின் அடிமான எண்முறை; முன்னால் நிற்கும் பூஜ்யம்தான் ஒரே அடையாளம். சோர்ஸில் 12 என்ற எண்ணைத் தேடி அரைநாள் வீணாக்க இந்த ஒரு பூஜ்யம் போதும்.

ஜிடிபியை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதினார். பெர்க்லி யூனிக்ஸோடு வந்த டிபிஎக்ஸ் அதற்கு முன்மாதிரி. இத்தனை வருடங்களில் எவ்வளவோ வளர்ந்துவிட்டாலும் அது கேட்கும் முன்தயாரிப்பு மாறவில்லை: கம்பைல் செய்யும்போது 'மைனஸ் ஜி' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வரி எண்ணோ மாறிகளின் பெயரோ கிடைக்காது. ஆப்டிமைசேஷனையும் குறைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பார்க்க வேண்டிய மாறியே கம்பைலரால் கரைக்கப்பட்டிருக்கும். ஜிடிபி மதிப்புக்குப் பதிலாக, அது கரைக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியைத்தான் காட்டும்.

கொல்லப்படும் விதம் எளிது. 'ரன்' கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் விழுந்த இடத்திலேயே ஜிடிபி நிற்கும். 'பேக்ட்ரேஸ்', சுருக்கமாக 'பிடி', எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசையைக் கொடுக்கும். வரிசையின் தலையில் நிற்பது பல சமயம் சி லைப்ரரியின் ஏதாவது ஒரு ஃபங்ஷனாக இருக்கும். லைப்ரரியில் பக் என்று முடிவுகட்ட இது காரணமல்ல. உதாரணமாக, இல்லாத ஃபைலை எஃப்ஓப்பன் திறக்க முயன்று வெறும் நல் பாயின்டரைத் திருப்பித் தந்திருக்கும். யாரும் சோதிக்காமல் அதை எஃப்கெட்ஸிடம் கொடுத்திருப்பார்கள். விழுந்தது எஃப்கெட்ஸில், தவறு அதைக் கூப்பிட்ட இடத்தில். 'அப்' கொடுத்து சொந்த ஃபங்ஷனுக்கு ஏறி, 'ப்ரின்ட்' கொண்டு அந்தப் பாயின்டரைப் பார்த்தால் பூஜ்யம் தெரியும். ஒரே ஃபங்ஷன் ஆயிரக்கணக்கான தடவை வரிசையில் வந்தால் முடிவில்லாத ரிகர்ஷன், ஸ்டாக் தீர்ந்துவிட்டது. அபார்ட் என்றால் பெரும்பாலும் அசர்ட் தோற்றிருக்கிறது, அல்லது ஒரே நினைவகத்தை இரண்டு தடவை ஃப்ரீ செய்ததை சி லைப்ரரி கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறது.

கடினமானது இரண்டாவது விதம். கல்யாண ஆல்பம் ஒன்றின் 400 படங்களைச் சிறிதாக்கும் புரோகிராம் 212-ஆவது படத்தில் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னணியில் ஓடும் வேலை என்பதால் பிழைச் செய்திகள் வெளிவரும் வழியைப் புரோகிராமே மூடிவைத்திருக்கிறது. ஜிடிபியில் ஓட்டினால் 01 என்ற எண்ணோடு வெளியேறியதாக ஒரு வரி வருகிறது. பிறகு 'பிடி' கொடுத்தால் ஸ்டாக்கே இல்லை என்கிறது. புரோகிராம் போன பிறகு தடம் மிஞ்சாது. சோர்ஸ் முழுவதும் தேடினாலும் எக்ஸிட் என்ற சொல்லே இல்லை.

இங்கே செய்ய வேண்டியது, ஓட்டுவதற்கு முன் 'பிரேக் எக்ஸிட்' கொடுப்பது. புரோகிராம் நேரடியாக எக்ஸிட்டைக் கூப்பிடாததால் அப்படியொரு ஃபங்ஷன் இல்லையே, லைப்ரரி ஏறும்வரை காத்திருக்கட்டுமா என்று ஜிடிபி கேட்கலாம். ஆம் என்று சொல்ல வேண்டும். வெறுமனே என்டர் தட்டினால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். இப்போது 'ரன்' கொடுத்தால் வாசலில் கால் வைக்கும் நொடியில் புரோகிராம் நிற்கும், வந்த வழி முழுவதும் ஸ்டாக்கில் அப்படியே இருக்கும். வரிசையின் தலையில் எக்ஸிட். அதன் கீழே பெயருக்குப் பதில் இரண்டு கேள்விக்குறியும் லிப்ஜேபெக் என்ற லைப்ரரியின் பெயரும் கொண்ட வரிகள். அதற்கும் கீழே ஜேபெக் ரீட் ஹெடர். அதைக் கூப்பிட்ட சொந்த ஃபங்ஷன் அடுத்து, வரி எண்ணோடு. அங்கே ஏறி ஃபைல் பெயரை 'ப்ரின்ட்' செய்தால் கதை முடிந்தது: யாரோ ஒரு பிஎன்ஜி படத்தின் பெயரை மட்டும் ஜேபெக் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

லிப்ஜேபெக் 1991-இலிருந்து புழங்கும் லைப்ரரி. அதன் இயல்பான பிழைக் கையாளல், ஒரு செய்தியை எழுதிவிட்டு எக்ஸிட்டைக் கூப்பிடுவதுதான். சின்னக் கருவிகளுக்கு அது வசதி. 400 படங்களை வரிசையாகச் செய்யும் புரோகிராமுக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளி விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோன கதை. அந்தக் கையாளலை மாற்றி, செட்ஜம்ப், லாங்ஜம்ப் கொண்டு சொந்த ஃபங்ஷனுக்குத் திரும்பும் வழி லைப்ரரியோடு வரும் உதாரண ஃபைலிலேயே இருக்கிறது. எக்ஸ் விண்டோ முறையின் லைப்ரரியும் இதே ரகம். திரையோடு இருந்த இணைப்பு அறுந்தால் அதன் இயல்பான ஹேண்ட்லர் புரோகிராமை முடித்துவிடும்.

சில சமயம் எக்ஸிட்டில் நின்று பார்த்தால் வரிசையில் மெயினே இருக்காது; சி லைப்ரரியின் துவக்க ஃபங்ஷன்கள் மட்டும் தெரியும். இதுவும் ஒரு பதில்தான். மெயின் ரிட்டர்ன் ஆகிவிட்டது, அதன் பிறகு துவக்க ஃபங்ஷன் எக்ஸிட்டைக் கூப்பிட்டது என்று பொருள். மெயினுக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிட்டர்ன் வரியிலும் பிரேக்பாயின்ட் வைத்து மறுபடி ஓட்டினால் எந்த வழியாகப் போனது என்று தெரிந்துவிடும். ஒரு வைல் லூப்பின் நிபந்தனை எதிர்பார்த்ததற்கு முன்பே பொய்யாகியிருப்பது இதில் அடிக்கடி காணும் காரணம்.

எக்ஸிட்டுக்குப் பின்வாசலும் உண்டு. முன்னால் அடிக்கோடு போட்ட எக்ஸிட், எழுதாமல் மிச்சமிருக்கும் பஃபர்களைக் கூடக் கவனிக்காமல் நேரே கெர்னலிடம் போய்விடும். இதற்கு 'கேட்ச் சிஸ்கால் எக்ஸிட் குரூப்' என்பதே உறுதியான பொறி. எந்த வழியாகப் புறப்பட்டாலும் புரோகிராம் முழுவதும் முடிய அந்தச் சிஸ்டம் கால் வேண்டும். 64 பிட் இன்டெல் லினக்ஸில் அதன் எண் 231. ஃபோர்க் செய்த குழந்தைப் புராசஸ்தான் போகிறது என்றால், முன்கூட்டியே 'செட் ஃபாலோ ஃபோர்க் மோட் சைல்ட்' கொடுக்க வேண்டும். ஜிடிபி இயல்பாகத் தாய்ப் புராசஸின் பின்னால்தான் போகும்.

நெட்வொர்க் சர்வர்களில் அடிக்கடி தலைகாட்டும் மர்மம் ஒன்று உண்டு. எதிர்முனை இணைப்பை மூடிய பிறகும் சர்வர் எழுதினால் பைப் சிக்னல் வருகிறது, எண் 13. இதற்கு பாஷ் ஒரு வார்த்தை கூடச் சொல்லாது. 141 என்ற எண் மட்டும் தடயம். ஜிடிபியில் ஓட்டினால் ரைட் அல்லது சென்ட் கூப்பிட்ட இடத்திலேயே நிற்கும். அந்தச் சிக்னலைப் பொருட்படுத்தாதே என்று புரோகிராமின் துவக்கத்திலேயே சொல்லிவிட்டால் ரைட் மைனஸ் 1 திருப்பித் தரும், மீதியைக் கோட் பார்த்துக்கொள்ளலாம்.

டீபக்கர் எதற்கு, நாலு பிரின்ட்எஃப் போட்டால் போதாதா என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரின்ட்எஃப் எழுதுவது டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி வெளியே வரும். ஃபைலுக்கோ பைப்புக்கோ போனால் பஃபர் நிறையும்வரை உள்ளேயே கிடக்கும். நடுவில் செக்மென்டேஷன் ஃபால்ட் விழுந்தால் அந்த வரிகள் போனதுதான். லாக்கின் கடைசி வரியை நம்பித் தேடுபவர் தவறான இடத்தில் தேடுகிறார்.

சிக்னலால் செத்த புரோகிராம் பல சமயம் கோர் ஃபைல் விட்டுச்செல்லும். பழைய கணினிகளின் காந்த வளைய நினைவகத்துக்குக் கோர் என்று பெயர். அது போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'யூலிமிட் மைனஸ் சி அன்லிமிடெட்' கொடுத்தபின் ஓட்டினால் கோர் எழுதப்படும். சிஸ்டம்டி வைத்திருக்கும் லினக்ஸ்களில் 'கோர்டம்ப்சிடிஎல்' வழியாக எடுக்கலாம். கில் சிக்னலுக்குக் கோர் கிடையாது. நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருந்தால் அது 'டிமெசெக்' காட்டும் கெர்னல் செய்திகளில்தான் இருக்கும். ஜிடிபிக்கு அங்கே வேலையில்லை. எக்ஸிட் கூப்பிட்டுப் போகும் புரோகிராமும் கோர் விடாது. வாரத்துக்கு ஒருமுறை நடுராத்திரியில் மட்டும் போகும் புரோகிராமுக்கு எக்ஸிட் பிரேக்பாயின்ட்டோடு 'கமாண்ட்ஸ்' சேர்த்து, 'பேக்ட்ரேஸ்', 'ஜெனரேட் கோர் ஃபைல்', 'கன்டின்யூ' என்ற மூன்றையும் வரிசையாக எழுதி ஜிடிபிக்குள்ளேயே ஓடவிடலாம். காலையில் வந்து பார்க்கும்போது, புரோகிராம் வாசலைத் தாண்டிய நொடியின் கோர் ஃபைல் டிஸ்கில் இருக்கும்.