காலுக்கு ஏற்ற இறுக்கக் காலுறை

சித்தூரில் காலை 5 மணிக்கே டிபன் கடைகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். தோசைக் கல்லின் முன் நிற்பவர் 11 மணி வரை உட்கார மாட்டார். திருப்பதியில் ஜவுளிக் கடையில் வேலை செய்யும் பெண்கள் பகல் முழுவதும் நின்றுகொண்டே துணி எடுத்துக் காட்டுகிறார்கள். பேருந்து நடத்துநர், போக்குவரத்துக் காவலர், ஆசிரியர், முடி திருத்துபவர் ஆகியோருக்கும் நின்றுதான் வேலை.

இவர்களில் பலருக்கு மாலையானால் கால் கனக்கும். கணுக்கால் வீங்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சிலருக்குக் காலில் நீல நிறத்தில் புழு நெளிவதுபோல் குழாய்கள் புடைத்து நிற்கும். இதை மக்கள் ‘நரம்பு சுருட்டல்’ என்கிறார்கள். மருத்துவர்கள் ‘வெரிகோஸ் வெயின்’ என்கிறார்கள்.

இது ஏன் வருகிறது?

உண்மையில் இது நரம்பு அல்ல. இரத்தக் குழாய். நம் உடலில் இரண்டு வகை இரத்தக் குழாய்கள் முக்கியமானவை. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை.

காலில் உள்ள இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். எப்படி ஏறுகிறது? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகுகிறது. அது சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய இரத்தம் கீழே இறங்காமல் இருக்கச் சிரைக்குள் சிறு கதவுகள் இருக்கின்றன.

கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் ஃபுட் வால்வு இருப்பதை உழவர்கள் அறிவார்கள். அது பழுதானால் ஏறிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும். சிரையின் கதவு பழுதானாலும் அப்படித்தான். இரத்தம் கீழே இறங்கித் தேங்கும். குழாய் புடைத்துச் சுருளும்.

நீண்ட நேரம் அசையாமல் நிற்பது, உடல் பருமன், கர்ப்பம், வயது, பரம்பரை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் ஏறுகிறார்கள். ஏறும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்கிறது. தரிசன வரிசையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போதுதான் இரத்தம் தேங்குகிறது.

கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடிக்கும். அரிப்பு எடுக்கும். பிறகு புண் வரும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். நின்று வேலை செய்பவருக்குக் காலில் புண் வந்தால் கூலி போய்விடும்.

காலுறை என்ன செய்கிறது?

அமெரிக்காவில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். அவருக்கும் இந்தக் கால் நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நின்றபோது கால் வலி குறைவதை அவர் கவனித்தார். காரணத்தை யோசித்தார். நீரில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். குளத்தில் கழுத்தளவு நீரில் நிற்பவருக்குக் கணுக்காலில் அழுத்தம் அதிகம். தொடையில் அதைவிடக் குறைவு. அதே போன்ற அழுத்தம் தரும் காலுறையை அவர் 1950 வாக்கில் உருவாக்கினார்.

இறுக்கக் காலுறை கணுக்காலில் அதிகமாக இறுக்கும். மேலே போகப் போக இறுக்கம் குறையும். இதனால் இரத்தம் மேலே ஏற உதவி கிடைக்கிறது. வீக்கமும் கனமும் குறைகின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காலுறை பழுதான கதவைச் சரி செய்யாது. போட்டிருக்கும் வரை சுகம் தரும். அவ்வளவுதான்.

கடையில் கேட்கும் கேள்வி

“அண்ணா, நரம்பு சுருட்டலுக்கு ஒரு சாக்ஸ் கொடுங்க.”

“என்ன சைஸும்மா?”

“நடுத்தரமா ஒண்ணு கொடுங்கண்ணா.”

மருந்துக் கடையில் இப்படித்தான் பலர் வாங்குகிறார்கள். உத்தேசமாக வாங்கிய காலுறை தளர்வாக இருந்தால் பயன் இல்லை. அதிகம் இறுக்கினால் கெடுதல். இரண்டிலும் கொடுத்த பணம் வீண். காலுறைக்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று காலின் அளவு. மற்றொன்று இறுக்கத்தின் அளவு.

காலை அளப்பது எப்படி?

காலையில் எழுந்தவுடன் அளக்க வேண்டும். அப்போது வீக்கம் குறைவாக இருக்கும். மாலையில் அளந்தால் அளவு தவறாகும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும்.

1. கணுக்காலுக்குச் சற்று மேலே, கால் மிக மெலிந்த இடத்தின் சுற்றளவு.
2. கெண்டைக்காலில் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு.
3. குதிகால் தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை உயரம்.

இரண்டு காலையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவுகளைத் தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டு போகலாம். காலுறைப் பெட்டியில் அளவுப் பட்டியல் அச்சிட்டிருப்பார்கள். எழுத்து ஆங்கிலமாக இருந்தாலும் எண்கள் எல்லோருக்கும் பொதுதான். தாளில் உள்ள எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இறுக்கத்தின் அளவு

பெட்டியில் 15–20, 20–30, 30–40 என்பது போன்ற எண்கள் இருக்கும். இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகில்தான் இதையும் சொல்கிறார்கள்.

15–20 என்பது லேசான இறுக்கம். நின்று வேலை செய்வதால் வரும் கனத்துக்கும் சிறு வீக்கத்துக்கும் இது பயன்படும். 20–30 நடுத்தர இறுக்கம். குழாய் நன்றாகப் புடைத்தவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். 30–40 பலமான இறுக்கம். 20-க்கு மேற்பட்டதை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. இறுக்கம் கூடினால் குணமும் கூடும் என்று நினைப்பது தவறு.

எந்த வகை வாங்குவது?

பலருக்கு முழங்கால் வரை உள்ள காலுறை போதும். தொடையிலும் குழாய் புடைத்திருந்தால் தொடை வரை உள்ளதை மருத்துவர் சொல்லலாம்.

விரல் மூடியதும் உண்டு, விரல் திறந்ததும் உண்டு. வெயில் காலத்துக்கும் மெட்டி அணியும் பெண்களுக்கும் விரல் திறந்தது வசதி. ஆனாலும் போடும்போதும் கழற்றும்போதும் மெட்டி, கொலுசைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நூல் பிரியும்.

பாதம் இல்லாமல் கெண்டைக்காலை மட்டும் மூடும் உறையும் உண்டு. அதை ‘ஸ்லீவ்’ என்பார்கள். செருப்புப் போடவும் வெறுங்காலில் நடக்கவும் அது எளிது. ஆனால் சிலருக்குப் பாதத்தில் வீக்கம் இறங்கும். அப்படி இறங்கினால் பாதம் உள்ள காலுறைக்கு மாற வேண்டும்.

முழங்கால் வலிக்குப் போடும் ‘நீ கேப்’ வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்களுக்குத் தரும் வெள்ளைக் காலுறையும் வேறு. அவை நடமாடுபவரின் நரம்பு சுருட்டலுக்கு உரியவை அல்ல.

யார் போடக் கூடாது?

சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் வலி விடுகிறது என்றால் தமனி சுருங்கியிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இவர்கள் காலுறை போட்டால் காலுக்கு வரும் இரத்தம் மேலும் குறையும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள், இதய நோயாளிகள், காலில் புண் அல்லது சீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும்.

திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. மருத்துவர் பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். பழுதான சிரையை அடைக்கவும் அகற்றவும் இன்று சிகிச்சைகள் உள்ளன. அரசுக் காப்பீட்டில் சிகிச்சை கிடைக்குமா என்று மருத்துவமனை உதவி மேசையில் கேட்டறியலாம்.

போடும் முறை

காலையில் வீக்கம் வருவதற்கு முன் போட வேண்டும். எழுந்து வேலை பார்த்துவிட்டால், சிறிது நேரம் காலை உயரமாக வைத்துப் படுத்திருந்த பிறகு போடலாம். கால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பித்தவெடிப்பும் கூரிய நகமும் காலுறையைக் கிழிக்கும்.

காலுறையைக் குதிகால் பகுதி வரை உள்புறம் திருப்ப வேண்டும். முதலில் பாதத்தை நுழைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். சுருக்கம் இருக்கக் கூடாது. மேல் ஓரத்தை மடித்து விடக் கூடாது. மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கி இரத்தத்தைத் தடுக்கும். இரவு படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் தோலில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வியர்வை அதிகம். தினமும் மென்மையான சோப்பால் துவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. தினமும் போட்டால் 3 முதல் 6 மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும். அப்போது புதிது வாங்க வேண்டும்.

காலுறை போட்டாலும் அசைவு வேண்டும். நிற்கும் இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். வேலையின் நடுவே நான்கு அடி நடக்கலாம். வீட்டில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம்.

ஆபத்துக் குறிகள்

• விரல் நீலமானால், குளிர்ந்தால், மரத்தால் காலுறையை உடனே கழற்றுங்கள்.
• ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். காலைப் பிடித்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.
• புடைத்த குழாய் வெடித்து இரத்தம் கொட்டினால் படுத்துக் காலை உயர்த்துங்கள். சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்துங்கள். பிறகு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காலுறை துணியால் ஆனதுதான். ஆனாலும் அது மருந்து போன்றது. மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெட்டியில் உள்ள எண்ணைப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.